அத்தியாயம் 4: கத்திக்கு எந்த உருக்கு?

திருவட்டாறு வட்டாரத்தில் ஒரு வீட்டிலுள்ள கத்திகளை எல்லாம் எடுத்துத் திண்ணையில் வரிசையாக வைத்தால் நான்கு வகையாவது தேறும். தேங்காய் வெட்டவும் மட்டை சீவவும் விறகு பிளக்கவும் வெட்டுகத்தி. மீனும் காய்கறியும் நறுக்கச் சமையல் கத்தி. அதன் பக்கத்திலேயே அரிவாமணை. ரப்பர் நிற்கிற வீடென்றால் பால்வெட்டுகத்தி. நான்கும் செய்கிற வேலை வேறு, வாங்குகிற அடி வேறு, நனைகிற ஈரம் வேறு. நான்குக்கும் ஒரே உருக்கு ஆகாது.

ஆனால் பெரும்பாலானவர்கள் "நல்ல ஸ்டீல்ல ஒரு கத்தி வேணும்" என்று மட்டும்தான் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் கொல்லர் தன் பட்டறையில் அன்று கிடக்கும் துண்டில் ஒன்று அடித்துக் கொடுப்பார். பாத்திரக் கடைக்காரர் பளபளப்பாக இருப்பதை எடுத்து நீட்டுவார். இரண்டிலும் உங்கள் தேர்வு என்று ஒன்றும் இல்லை. இந்த அத்தியாயம் அந்தத் தேர்வை உங்கள் கையில் கொடுப்பதற்கு.

தொடங்கும் முன் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். உருக்கின் பெயரைவிட அதற்கு விழுந்த துவைச்சல்தான் பெரிது. துவைச்சல் என்றால், பழுக்கக் காய்ச்சிய இரும்பை எண்ணெயிலோ நீரிலோ தோய்த்துக் கடினமாக்கி, பிறகு இளஞ்சூட்டில் பதப்படுத்துவது. பழைய கமான் பட்டையில் சரியான துவைச்சல் விழுந்த கத்தி, விலை கூடிய உருக்கில் துவைச்சல் கெட்ட கத்தியைவிட எப்போதும் நன்றாக வெட்டும். அதனால் உருக்கைத் தேர்வது, துவைச்சலைச் சரிபார்ப்பது இரண்டையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன்.

முதலில் மூன்று கேள்விகள்

காசு எடுக்கும் முன் இவற்றுக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

1. ஓங்கி வெட்டும் கத்தியா, இழுத்து அறுக்கும் கத்தியா? ஓங்கி வெட்டுவது அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். கொஞ்சம் மென்மையாக இருந்தாலும் உடையக் கூடாது. இழுத்து அறுப்பது கூர்மையை நெடுநேரம் பிடித்து வைக்க வேண்டும். அதற்குக் கடினம் தேவை.

2. ஈரத்தில் கிடக்குமா? கிடந்தால் துடைத்து வைக்க ஆள் உண்டா? கோதையாறும் பறளியாறும் சுற்றி ஓடுகிற ஊர் இது. ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழையும், அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கு மழையும் இரண்டுமே கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உண்டு. தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளில் மாதக்கணக்கில் துருவின்றிக் கிடக்கும் கத்தி, இங்கே ஒரே இரவில் செம்பழுப்புப் பூத்துவிடும்.

3. யார் தீட்டுவார், எதில் தீட்டுவார்? வீட்டுத் தீட்டுக்கல் மட்டும்தான் என்றால் மிகக் கடினமான உருக்கு உங்களுக்குச் சுமை. சாதாரணக் கல்லில் அதற்கு வாய் வைக்கவே முடியாது. (வாய் என்று இந்நூல் முழுக்கச் சொல்வது வெட்டும் விளிம்பை.)

மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. கூர் போன பிறகு அலமாரியில் தூங்குகிற விலையுயர்ந்த கத்திகளில் பாதி, இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்கியவைதான்.

இவ்வளவு தெரிந்தால் போதும்

இரும்போடு கரி (கார்பன்) சேர்ந்தால் உருக்கு. கரியின் அளவுதான் கத்தியின் தலையெழுத்து.

கரி 0.3 சதவீதத்துக்குக் கீழே என்றால் அது பச்சிரும்பு வகை. எத்தனை முறை தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் ஏறாது. 0.5 முதல் 0.6 வரை என்றால் வளைந்து மீளும் தன்மை உண்டு, அடி தாங்கும். வெட்டுகத்தி, அரிவாள், கோடரிக்கு உகந்தது. 0.7 முதல் 1.0 வரை என்றால் கூர்மை நன்றாக நிற்கும். அடித்தால் வாய் அடர்ந்துபோகும் (துணுக்காகப் பெயர்ந்து உதிரும்) அபாயமும் கூடும்.

குரோமியம் ஏறத்தாழ 12, 13 சதவீதத்தைத் தாண்டினால் துரு எளிதில் பிடிக்காது. அதுதான் துருப்பிடிக்காத உருக்கு, நாம் எவர்சில்வர் என்றும் ஸ்டெயின்லெஸ் என்றும் சொல்வது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1913இல் ஹாரி பிரயர்லி என்பவர் உருக்கிய கலவையிலிருந்து இது கத்திக்கு வந்தது.

கடினத்தை அளக்க ராக்வெல் சி என்ற அளவு உண்டு. வெட்டுகத்திக்கு 50 முதல் 55; சமையல் கத்திக்கு 55 முதல் 58; ஜப்பானிய வகை மெல்லிய கத்திகள் 60க்கு மேல். கொல்லர் கையிலுள்ள அரம் ஏறத்தாழ 62 முதல் 65. இந்தக் கடைசி எண்ணை நினைவில் வையுங்கள். கீழே அரத்தை வைத்தே சோதிக்கப் போகிறோம்.

வெட்டுகத்திக்குக் கமான் பட்டை

லாரி, பஸ், ஜீப் ஆகியவற்றின் அடியில் பாரம் தாங்கும் கமான் பட்டைதான் நம் ஊர் வெட்டுகத்திக்கு நிகரில்லாத உருக்கு. இதை நான் தயங்காமல் சொல்வேன். மலிவு என்பதற்காகச் சொல்லவில்லை. பள்ளம் மேடெல்லாம் அடி வாங்கி வளைந்து வளைந்து மீள்வதற்கென்றே செய்யப்பட்ட உருக்கு அது. தேங்காய்த் தொண்டிலும் அயனி விறகிலும் விழுகிற கத்திக்கு வேண்டியதும் அதே குணம்தான்.

இந்தியாவில் கமான் பட்டைக்குப் பயன்படும் வகைகளில் இஎன்45, இஎன்47 இரண்டும் நெடுநாள் பழக்கமானவை. இஎன்45இல் கரி 0.5 முதல் 0.6 சதவீதம், அதோடு சிலிக்கன் 1.5க்கு மேல். இஎன்47இல் கரி சற்றுக் குறைவு, ஆனால் குரோமியமும் வனேடியமும் சேர்ந்திருக்கும். மணி (உருக்கின் உள்துகள்) நெருக்கமாக நிற்கும். இரண்டுமே எண்ணெயில் தோய்க்க வேண்டியவை.

பழைய பட்டை எடுக்கும்போது:

1. நடுவில் போல்ட் துளை இருக்கும். துளை கத்தியின் உடலுக்குள் வராதபடி நீளம் கிடைக்குமா என்று பாருங்கள். துளையைச் சுற்றித்தான் விரிசல் தொடங்கும்.

2. துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு, வெயிலில் சாய்த்துப் பிடித்து மயிர்க்கோடுகளைத் தேடுங்கள். ஐயம் இருந்தால் மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, மேலே சுண்ணாம்புப் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் சற்று நேரத்தில் அந்த இடத்தில் மட்டும் எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும்.

3. வெல்டிங் பட்ட பட்டை வேண்டாம். பற்றவைத்த இடத்தைச் சுற்றி உருக்கின் குணம் மாறியிருக்கும்.

4. தடிமனைப் பாருங்கள். வெட்டுகத்தியின் முதுகுக்கு 5, 6 மில்லிமீட்டர் போதும். கனத்த லாரிப் பட்டையை அடித்து மெலிக்க உலைக்கரியும் கூலியும் கூடும். ஜீப், சிறு வேன் பட்டைகள் வேலைக்கு எளிது.

பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத சோர்வு விரிசல் இருக்கலாம் என்பது உண்மை. முடிந்தால் பட்டறைகளில் புதிய பட்டையின் வெட்டுத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். விலை வித்தியாசம் பெரிதல்ல.

கையில் கிடைத்த துண்டைச் சோதிக்கும் முறை

ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடையில்) கிடைக்கும் இரும்பு எதுவென்று யாருக்கும் தெரியாது. கத்தி அடித்து முடித்தபின் அது பச்சிரும்பு என்று தெரிந்தால் உலைக்கரியும் நாளும் வீண். அதனால் முதலில் ஒரு விரல் அகலத் துண்டை வெட்டிச் சோதியுங்கள்.

எச்சரிக்கை: கண்ணாடி அணியாமல் எதையும் தொடங்காதீர்கள். சாரம், வேட்டி, தொங்கும் துண்டு எதுவும் உடலில் வேண்டாம். சுழலும் கல்லில் துணி சிக்கினால் கை பின்னாலேயே போகும். பருத்திச் சட்டை, கனத்த கால்சட்டை, மூடிய செருப்பு. நைலான் உடை தீப்பொறியில் உருகித் தோலில் ஒட்டும்.

1. துத்தநாகம் பூசிய இரும்பா என்று பாருங்கள். மங்கிய வெள்ளிப் புள்ளிகள் போன்ற பூச்சு இருந்தால் அதை உலையில் வைக்காதீர்கள். துத்தநாகப் புகை காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் தரும். குரோமியம் பூசிய கருவிகளும் உலைக்கு வேண்டாம்.

2. சாணையில் லேசாக உரசிப் பொறியைப் பாருங்கள். பச்சிரும்பின் பொறி நீளமாக, நேராக, கிளை அதிகம் இல்லாமல் போகும். கரி கூடக்கூடப் பொறி கல்லுக்கு அருகிலேயே பூப்பூவாக வெடிக்கும். மங்கிய சிவப்பாக, வெடிப்பு மிகக் குறைவாக வந்தால் அது அதிவேக உருக்காக (ஹைஸ்பீடு ஸ்டீல்) இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கட்டடக் கம்பித் துண்டையும் ஒரு பழைய அரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் பொறி ஏமாற்றும்; நிழலில் நின்று பாருங்கள்.

3. துண்டை உலையில் காய்ச்சுங்கள். அவ்வப்போது காந்தத்தைக் காட்டுங்கள். ஏறத்தாழ 770 டிகிரியில் காந்தம் ஒட்டாது. அதற்கு மேல் ஒரு நிறம் கூட ஏறட்டும். செம்மை சற்று வெளுத்து ஆரஞ்சுக்குத் திரும்பும் நேரம் சரி. சிலிக்கன் கூடிய கமான் பட்டைக்கு இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும்.

4. இளஞ்சூடான எண்ணெயில் நேராகச் செங்குத்தாக இறக்குங்கள். எண்ணெயைத் தகரத்திலோ இரும்புப் பாத்திரத்திலோதான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி உருகிக் கொட்டும். பாத்திரத்துக்கு மூடி பக்கத்தில் இருக்கட்டும். தீப்பிடித்தால் மூடியால் மூடுங்கள் அல்லது மணலைப் போடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. பாமாயிலோ கடலை எண்ணெயோ போதும். வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் எண்ணெய் வேண்டாம். அதன் புகையில் நச்சு உலோகங்கள் உண்டு.

5. ஆறியபின் அரத்தால் ராவிப் பாருங்கள். அரம் கடிக்காமல் வழுக்கினால் துண்டு கடினமேறும் வகை. அரம் கடித்தால் அதில் கத்தி செய்யாதீர்கள்.

6. துண்டைப் பிடிசாவியில் (வைஸில்) கவ்வி, மேலே சாக்கைச் சுற்றிச் சுத்தியலால் தட்டி உடையுங்கள். உடைந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மணி நெருங்கி, மங்கிய சாம்பலாக இருந்தால் சூடு சரி. சீனி போலக் கரடாக மின்னினால் சூடு மிஞ்சிவிட்டது. உருக்கில் குற்றமில்லை, காய்ச்சியதில்தான் குற்றம். இன்னொரு துண்டை எடுத்து, சூட்டைக் குறைத்து மறுபடி செய்யுங்கள்.

ஆறாவது படியைத் தவிர்க்காதீர்கள். ஒரு கத்தி ஏன் உடைந்தது என்று பிறகு யோசிப்பதைவிட, ஒரு துண்டு எப்படி உடைகிறது என்று இப்போதே பார்ப்பது மேல். இந்தத் துண்டுகளில் நீங்கள் கற்பதை எந்தப் பட்டியலும் கற்றுத் தராது.

ஆசை காட்டும் பிற பழைய இரும்புகள்

*அரம்.* நல்ல பழைய அரத்தில் கரி 1 சதவீதத்துக்கு மேல். சிறிய கத்திக்கு அருமையான உருக்கு. ஆனால் பற்களை முழுக்கத் தேய்த்து எடுத்தபின்பே அடிக்க வேண்டும். பல்லின் அடி விட்டுப்போனால் அங்கேயே விரிசல் பிடிக்கும். மலிவான அரங்கள் சிலவற்றில் மேல்தோல் மட்டும்தான் கடினம், உள்ளே பச்சிரும்பு. மேலே சொன்ன உடைக்கும் சோதனையில் அது தெரிந்துவிடும். அரத்தை அப்படியே பதப்படுத்தாமல் கைப்பிடி போட்டுக் கத்தியாக்குவது மிகவும் தவறு. கீழே விழுந்தாலே துண்டாகும்.

*பேரிங் வளையம்.* இஎன்31 என்ற வகை. கரி ஏறத்தாழ 1 சதவீதம், குரோமியம் 1 முதல் 1.5 வரை. கூர்மை அபாரமாக நிற்கும். வளையத்தை வெட்டி நேராக்குவதற்குப் பழகிய கை வேண்டும்; சூடு கொஞ்சம் மிஞ்சினாலும் மணி பெருத்துவிடும். முதல் கத்தியை இதில் முயலாதீர்கள்.

*இயந்திர ஹேக்ஸா பிளேடு.* முழுதும் அதிவேக உருக்கான பழைய வகை கிடைத்தால், காய்ச்சாமல் தேய்த்தே கத்தியாக்கலாம். சாணைச் சூட்டில் கடினம் எளிதில் போகாது என்பது இதன் சிறப்பு. இப்போது வருபவை பெரும்பாலும் இரட்டை உலோகம். பல் வரிசை மட்டும் கடினம், உடல் மென்மை. பல்லைத் தேய்த்துவிட்டால் கையில் மிஞ்சுவது வெறும் தகடு. முழு அதிவேக உருக்கும் நொறுங்கும் குணமுள்ளது. அடிக்கும் வேலைக்கு ஆகாது.

*கட்டடக் கம்பி.* கரி மிகக் குறைவு. கத்திக்கு வேண்டாம்.

*தண்டவாளம்.* "ரயில் இரும்பில் அடித்தது" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. தண்டவாள உருக்கு தரமானதுதான், கரி 0.6 முதல் 0.8 வரை. ஆனால் ரயில்வே சொத்தை உரிய ஆவணம் இல்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கமான் பட்டை தருவதைவிடப் பெரிதாக எதுவும் அது தந்துவிடாது, விட்டுவிடுங்கள்.

உலையில் அடித்து உருவாக்காமல், தகடு வாங்கித் தேய்த்தே கத்தி செய்ய நினைப்பவர்கள் 1075, 1084, இஎன்42ஜே போன்ற எளிய கரி உருக்குகளைச் சோதனைச் சான்றிதழோடு வாங்குங்கள். டி2 என்பது மிகப் பிரபலம்; கரி 1.5, குரோமியம் 12 சதவீதம். அதற்கு 1000 டிகிரிக்கு மேல் கட்டுப்பாடான சூடு வேண்டும். கரி உலையில் சரியாக வராது. கோவை போன்ற தொழில்நகரங்களில் கூலிக்குச் சூடேற்றித் தரும் கூடங்களுக்கு அனுப்ப முடிந்தால் மட்டும் எடுங்கள்.

பால்வெட்டுகத்தி: தனி வழி

ரப்பர் மரத்தின் பட்டையில் மெல்லிய சீவலாக வெட்டி எடுக்க வேண்டும். உள்ளே வளர்படையைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும். அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளர்ந்து அடுத்த சுற்று வெட்டு கெட்டுவிடும். வெட்டு ஆழம் அந்த வளர்படைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் நெருங்கி நிற்க வேண்டும். மழுங்கிய கத்தி சீவாது, கிழிக்கும். கையும் கூடுதலாக அழுத்தும். அழுத்தினால் ஆழம் தவறும். பால் நன்றாக ஓடுவது வெயில் ஏறும் முன். தொழிலாளி விடியலில் தொடங்கி 300க்கு மேற்பட்ட மரங்களை அந்த நேரத்துக்குள் முடிக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒரு தீட்டில் அத்தனை மரத்துக்கும் வாய் நிற்க வேண்டும். நடுவில் மழுங்கினால் சின்னக் கல்லில் இரண்டு இழுப்பில் திரும்ப வர வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்துத் தருவது மணி நெருங்கிய, கரி கூடிய எளிய உருக்குதான். ஸ்டெயின்லெஸ் வேண்டாம். இந்தியத் தோட்டங்களில் மிச்சி கோலெட்ஜ், ஜெபோங் என்ற இரண்டு வடிவங்கள் பழக்கத்தில் உள்ளன. வடிவத்தை உங்கள் கைப்பழக்கம் தீர்மானிக்கட்டும். உருக்கைப் பொறுத்து மட்டும் இவற்றைப் பாருங்கள்:

1. வளைந்த மூலையில் அரத்தின் நுனியை மெல்ல வையுங்கள். நேர்ப்பகுதி கடினமாகவும் மூலை மென்மையாகவும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். வெட்டுவது அந்த மூலைதான்.

2. வாய்ப்பகுதியில் நீல நிறம் தெரிந்தால் சாணையில் சூடேறிக் கடினம் இழந்த கத்தி. வாங்க வேண்டாம்.

3. வாங்கியதும் மின் சாணைக்குக் கொண்டுபோகாதீர்கள். கைக்கல், தண்ணீர், பொறுமை.

சமையலறைக்கு

இங்கே இரண்டு தரப்பு உண்டு. கரி உருக்கு விரைவாகக் கூர் ஏறும், மெல்லிய வாய் தாங்கும். ஆனால் புளி, மாங்காய், எலுமிச்சை பட்டால் கருக்கும். வாழைப்பூவும் வாழைக்காயும் அதில் நறுக்கினால் கறுத்துப்போகும். குளச்சலிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் வரும் கடல்மீனின் உப்பு வேறு. அன்றாடம் பல கைகள் புழங்கும் அடுக்களையில், கழுவியதும் துடைத்து வைப்பார்கள் என்ற உறுதி இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ் எடுங்கள். நீங்கள் ஒருவரே சமைப்பவர், துடைக்கும் பழக்கம் உள்ளவர் என்றால் கரி உருக்கு தரும் சுகம் வேறெதிலும் இல்லை. கரி உருக்கில் நாளடைவில் படியும் நீலச்சாம்பல் நிறம் நல்லது, அது காப்பு. செந்நிறத் துரு மட்டும்தான் எதிரி.

ஸ்டெயின்லெஸ் வாங்கும்போது பெட்டியில் உள்ள எழுத்தை இப்படிப் படியுங்கள்:

1. "18/8" அல்லது "304" என்று மட்டும் எழுதியிருந்தால் அது பாத்திர உருக்கு. துரு பிடிக்காது, ஆனால் தோய்த்துக் கடினமாக்க முடியாது. கத்திக்கு ஆகாது.

2. "420" என்றால் சாதாரணத் தரம். அடிக்கடி தீட்ட வேண்டும். துரு நன்றாகத் தாங்கும். மீன் கழுவும் இடத்துக்குப் போதும்.

3. "1.4116" என்பது ஜெர்மன் எண், கரி ஏறத்தாழ 0.5, குரோமியம் 15 சதவீதம். வீட்டுக்கு என் முதல் தேர்வு இதுதான். வீட்டுக் கல்லிலேயே கூர் ஏறும், வாய் அடராது, துரு தாங்கும்.

4. "440சி", "விஜி-10" இரண்டிலும் கரி ஏறத்தாழ 1 சதவீதம். கூர் நெடுநாள் நிற்கும். நல்ல நீர்க்கல் வேண்டும். எலும்பிலும் தேங்காயிலும் வைத்தால் வாய் உதிரும்.

5. "சர்ஜிக்கல் ஸ்டீல்" என்று மட்டும் இருந்தால் அது எந்த உருக்கு என்று ஒன்றும் சொல்லவில்லை என்று பொருள்.

காந்தத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கத்தியில் காந்தம் ஒட்டாவிட்டால் அது பாத்திர உருக்கு, வைத்துவிட்டு வாருங்கள். ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி என்று முடிவு கட்டாதீர்கள். காந்தம் ஒட்டும், ஆனால் கடினமேறாத ஸ்டெயின்லெஸ் வகையும் உண்டு.

இன்னொன்று: ஸ்டெயின்லெஸ் தகட்டைக் கொல்லரிடம் கொடுத்துக் கத்தி செய்யச் சொல்லாதீர்கள். கத்திக்குரிய ஸ்டெயின்லெஸ் வகைகளுக்கு 1000 டிகிரியை ஒட்டியோ தாண்டியோ சூடு தேவை. அதுவும் சில நிமிடம் நிலையாக நிற்க வேண்டும். எவ்வளவு தேர்ந்த கொல்லரானாலும் கரி உலையில் அதைப் பிடிப்பது கடினம். அவருக்குக் கைவந்த உருக்கில் அவரிடம் வேலை வாங்குங்கள்.

அலையலையாகக் கோடு போட்ட கத்தி

டமாஸ்கஸ் என்ற பெயரில் அலைக்கோடு கத்திகள் நிறைய விற்கின்றன. அந்தப் பெயருக்குப் பின்னால் நம் பக்கத்துக் கதை இருக்கிறது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் மூசையில் (உருக்கும் மண்கலத்தில்) உருக்கு உருக்கிய உலைகளின் எச்சம் அகழாய்வில் கிடைத்தது. தென்னிந்தியாவிலிருந்து போன கரி மிகுந்த மூசை உருக்கு, ஐரோப்பியர் ஊட்ஸ் என்று அழைத்தது, மேற்காசியாவில் வாளானது. மைக்கேல் ஃபாரடே 1819இல் அதைச் சோதித்து எழுதினார். அந்த உருக்கின் கோடு உருக்குக்குள்ளிருந்தே வந்தது.

இன்று கடையில் கிடைப்பது அது அல்ல. இரண்டு உருக்குகளை அடுக்கிப் பற்றவைத்து அடித்தது ஒரு வகை; அதில் நல்லவையும் உண்டு. தகட்டின் மேல் கோட்டை அச்சிட்டது இன்னொரு வகை. பிரித்தறிய முதுகைப் பாருங்கள். கோடு பக்கவாட்டிலிருந்து முதுகுக்கும் தொடர்ந்தால் அடுக்கியது. முதுகு வெறுமையாக இருந்தால் அச்சு. எதுவானாலும் வாயில் நிற்கும் உருக்கு எது என்று விற்பவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோட்டுக்காகக் காசு கொடுக்காதீர்கள்.

கொல்லரிடம் என்ன சொல்ல வேண்டும்

வேலையைச் சொல்லுங்கள், உருக்கின் பெயரை அல்ல. "தேங்காயும் வெறகும் வெட்டதுக்கு. வாய் மடங்கினாலும் தீட்டிக்கிடலாம், அடரப்பிடாது" என்று சொன்னால் பழகிய கொல்லருக்கு எல்லாம் விளங்கிவிடும். மீன் கத்திக்கு இதைத் திருப்பிச் சொல்லுங்கள்: கூர் நிற்க வேண்டும், அடி படாது.

பிறகு இவற்றை வரிசையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்:

1. பட்டையை நீங்களே கொண்டுவந்தால் எண்ணெயிலா, நீரிலா தோய்ப்பார் என்று கேளுங்கள். கமான் பட்டையை நீரில் தோய்த்தால் விரிசல் விழ வாய்ப்பு அதிகம். எண்ணெய் இல்லையென்றால் நீங்களே வாங்கிக் கொடுங்கள். அந்தச் செலவு நியாயமானது.

2. தோய்த்தபின் பதப்படுத்துவாரா என்று கேளுங்கள். தோய்த்தவுடன் வரும் கத்தி நொறுங்கும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப் பக்கத்திலிருந்து சூடேற்றினால் நிறங்கள் ஓடும். வைக்கோல் மஞ்சள் ஏறத்தாழ 220 டிகிரி, பழுப்பு 250, ஊதா 280, நீலம் 300. சமையல் கத்திக்கு வாய் வைக்கோல் மஞ்சளில் நிற்க வேண்டும். வெட்டுகத்திக்கு வாய் பழுப்பு ஊதாவைத் தொட, முதுகு நீலமாக இருக்க வேண்டும்.

3. சிறிய கத்தியை வீட்டு மின் அடுப்புப் பெட்டியில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம் வைத்தும் பதப்படுத்தலாம். எண்ணெய்ப் பிசுக்கை முற்றும் கழுவிவிட்டு வையுங்கள். தோய்த்த கத்தியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பதப்படுத்தாத கத்தி இரவிலேயே தானாக வெடிக்கக்கூடும்.

கொல்லர் உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் கேட்டால் கொடுங்கள். 2021இல் தமிழ்நாடு காவல்துறை, கத்தி அரிவாள் செய்பவர்களும் விற்பவர்களும் வாங்குவோர் விவரத்தைப் பதிந்து வைக்கும்படி கேட்டுக்கொண்டது. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்குச் செய்த கத்திக்குத் தடை இல்லை. ஆனால் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி வேறு எதற்கென்றாலும் ஆயுத விதிகளின் பட்டியலுக்குள் வரும். தோட்டத்துக்குக் கொண்டுபோகும்போது உறையில் போட்டு, வேலைச் சாமான்களோடு கொண்டுபோங்கள்.

கையில் வாங்கியதும் செய்யும் சோதனை

புதுக் கத்தியை வாங்கிய இடத்திலேயே பாருங்கள். கண்ணோடு நேராகப் பிடித்து முதுகு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வாய் ஓரத்தில் மயிர்க்கோடு தெரிந்தால் அது தோய்த்ததில் விழுந்த விரிசல். தேய்த்தால் போய்விடும் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள், அது உள்ளே போகும்.

பிறகு பித்தளைக் கம்பிச் சோதனை. கூர் வைத்த கத்திக்கு இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது. சமையல் கத்திக்கு இதை முழுதாகச் செய்யலாம். தடித்த வாயுள்ள வெட்டுகத்திக்கு 4ஆம் படி மட்டும்.

1. ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளைக் கம்பியை மேசையில் அசையாமல் பொருத்துங்கள்.

2. கத்தியின் வாயைத் தீட்டும் கோணத்தில் கம்பியின் மேல் சாய்த்து, கட்டைவிரல் எடை அளவுக்கு அழுத்தி இழுங்கள். விளக்கு வெளிச்சம் எதிரே இருக்கட்டும். வாய் வளைவது நிழலாகத் தெரியும். விரல்கள் எப்போதும் முதுகுப் பக்கமே இருக்க வேண்டும்.

3. வளைந்து திரும்ப நேரானால் பதம் சரி. வளைந்தது அப்படியே நின்றால் மென்மை. மறுபடி தோய்க்க வேண்டும். சிறு துணுக்கு உதிர்ந்தால் கடினம் மிஞ்சியது; மறுபடி சற்றுக் கூடுதல் சூட்டில் பதப்படுத்தினால் போதும், புதிதாகத் தோய்க்க வேண்டாம்.

4. வெட்டுகத்தியானால் உலர்ந்த தென்னை மட்டையில் சில வெட்டு வெட்டிவிட்டு வாயை விரல்நகத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கிய இடத்தில் அடர்ந்திருக்கிறது. நகம் ஒரு பக்கம் மட்டும் வழுக்கினால் மடங்கியிருக்கிறது.

சோதனைக்குப் பின் தீட்டும்போது கையடக்க கிரைண்டரைத் தவிருங்கள். வேறு வழியில்லை என்றால், கையுறை இல்லாமல் பிடித்து, விரல் சூடு உணர்ந்த உடனே தண்ணீரில் முக்குங்கள். கல் உறையோடு இருக்கட்டும், கண்ணாடி கட்டாயம். வாய் ஒரு கணம் நீலமானாலும் அந்த இடத்தில் துவைச்சல் போய்விட்டது. அந்த நீலத்தைத் தேய்த்து மறைத்தால் நிறம்தான் போகும், மென்மை போகாது. நீலம் ஏறிய ஆழம் வரை கைக்கல்லில் முழுதும் தேய்த்து எடுக்க வேண்டும்.

கரி உருக்குக் கத்தியை மழைக்காலத்தில் தோலுறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். துடைத்து, காயவிட்டு, ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவி, அடுப்பின் வெப்பம் எட்டும் உயரத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் மரச்சட்டத்தில் செருகி வையுங்கள். சில மாதம் எடுக்கப்போவதில்லை என்றால் தேங்காயெண்ணெய் நாள்பட்டுச் சிக்கு வாடை அடித்துவிடும். அதற்குத் தையல் இயந்திர எண்ணெய் தடவி, திரும்ப எடுக்கும்போது சோப்பு நீரில் கழுவிப் பயன்படுத்துங்கள்.